பாதியில் நிறுத்துகிற அக்கா

அக்கா எந்தப் பேச்சையும் முழுசாக முடிக்க மாட்டார்.

"தம்பி, தலவாக்கலை டவுனுக்கா கெளம்பிட்டீங்க?" என்பார்.

"ஆமாங்கக்கா."

"சீனி மாத்திரை முடியப் போகுது..."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு சொல் வராது. வாயைப் பூட்டிக்கொண்டு நம் முகத்தையே பார்த்தபடி நிற்பார். கெஞ்சல் இல்லை, அதிகாரமும் இல்லை. பஸ் எப்படியும் வரும் என்று தெரிந்தவர்கள் நிற்கிற நிற்பு அது. நானோ சும்மா இருக்கத் தெரியாதவன். மூன்று விநாடி தாங்குவேன். நாலாவது விநாடியில், "மருந்துத் துண்டக் குடுங்கக்கா, நான் வாங்கியாறேன்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். அவர் கேட்கவே இல்லை, கவனியுங்கள். சொன்னது நான். பிறகு பார்மசி வரிசையில் அரைமணி நேரம் நின்று என் வாயை நானே திட்டிக்கொள்வேன்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் மேல் லயத்தில் முதல் வீடு அவருடையது, கீழ் லயத்தில் கடைசி வீடு என்னுடையது. முப்பது வருஷம் கொழுந்து பறித்து ஓய்வு வாங்கியவர். தோட்டமே அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டது. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பதால் நானும் அப்படியே விட்டுவிடுகிறேன். நான் ரகசியமாக வைத்த பெயர் ஒன்று உண்டு: பாதி அக்கா.

ஒரு தடவை தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத் தொரையிடமே இந்த வேலையைக் காட்டினார். லயத்துக் கூரையில் தகரம் இற்றுப்போய் மழை உள்ளே விழுந்துகொண்டிருந்தது. சங்கத்துத் தலைவர் ஒபீசுக்குப் போய் ஒரு மணி நேரம் கத்திவிட்டு வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் அக்கா போனார். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட அனுமதி கேட்டு நானும் அங்கே நின்றிருந்தேன்.

"ஐயா, கூரையெல்லாம் ஓட்டைங்க. மழை வேற..."

நிறுத்திவிட்டார். சின்னத் தொர பேனையை மூடினார். திறந்தார். ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மழை. அக்காவைப் பார்த்தார். அக்காவின் தலையில் போட்டிருந்த கம்பளியிலிருந்து தண்ணீர் அவருடைய சிமெந்துத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சரி சரி, நாளைக்கு ஆள் அனுப்புறேன்" என்றார். அந்தப் பதற்றத்தில் என் கடதாசியையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டார். இரவு பத்து வரை என்று நான் எழுதியிருந்ததை அவர் பார்த்திருந்தால் நிச்சயம் எட்டு ஆக்கியிருப்பார்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். ஜெபமாலையிலிருந்துதான். எங்கள் தோட்டத்து மாதா கோயிலுக்குப் பாதர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். அவருக்கு இன்னும் எத்தனையோ தோட்டம். மற்ற நாளெல்லாம் அக்காவின் குரல்தான் கோயில். ஜெபமாலையில் ஒருவர் முதல் பாதியைச் சொல்வார், 'அருள் நிறைந்த மரியாயே' என்று தொடங்கி. அவர் நிறுத்துகிற இடத்தில் மற்ற எல்லாரும் 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்று இரண்டாம் பாதியை எடுக்க வேண்டும். முதல் பாதி எப்போதும் அக்காவுடையது. நாங்கள் சொல்லும்போது அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா இருப்பார். நாள் முழுக்க மலையில் நின்ற பெண்கள் சிலநேரம் கண் அசந்து போய், யாருமே எடுக்க மாட்டார்கள். வேறு யாராவது என்றால் மிச்சத்தையும் தானே சொல்லி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அக்கா சொல்ல மாட்டார். காத்திருப்பார். கடைசியில் யாராவது இருமி, விழித்து, பதறி எடுப்பார்கள்.

பதறி எடுப்பது பெரும்பாலும் நான்தான்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் தொழில் சவுண்ட் செட். மாரியம்மன் கோயில் தீமிதியா, நான்தான் மைக். மாதா கோயில் திருநாளா, நான்தான். புத்த பன்சலையில் வெசாக் பாட்டு என் ஸ்பீக்கரில்தான் ஓடும். ஜெபக்கூட்டக்காரர்கள் சத்தம் கூடுதலாகக் கேட்பார்கள், அவர்களுக்கு இரண்டு பெட்டி சேர்த்துப் போடுவேன். ஆகவே சத்தம் எனக்குச் சோறு, மௌனம் எனக்கு விரோதி. எங்காவது நாலு பேர் பேசாமல் இருந்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும், உடனே ஒரு பகிடி விடுவேன். செத்த வீட்டிலும் விட்டிருக்கிறேன். அடி வாங்கியும் இருக்கிறேன்.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கொள்கை ஒன்று இல்லாவிட்டால் வீட்டில் மரியாதை கிடைக்காத வயது. என் கொள்கை: கடவுள் உண்டு, கோயில் தேவையில்லை. ஞானஸ்நானம் வாங்கினேன், புதுநன்மை வாங்கினேன், தாலி கட்டியதும் அதே பீடத்துக்கு முன்னால்தான். அதெல்லாம் சரி. ஆனால் மனுஷனுக்கும் கடவுளுக்கும் நடுவில் பாதர், கோயில் பங்கு, சபை, அங்கே பதிந்ததற்கு ஒரு குடும்பக் கார்ட் என்று எதற்கு இத்தனை புரோக்கர்? எனக்கு ஏதாவது வேண்டுமென்றால் நானே நேரில் கேட்டுக்கொள்கிறேன். எல்லாச் சாமிக்கும் மைக் கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன், வயரும் ஒன்றுதான், சுவிட்சும் ஒன்றுதான். இப்படிச் சொல்லிச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை விட்டேன். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில், சலூனில், பஸ்ஸில் என்று எங்கே கேட்டாலும் பேசினேன். யாரும் கேட்காத இடத்திலும் பேசினேன்.

ஒக்டோபரில் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் சாயந்தரம் அடுத்த வீடு. நான் கொள்கைக்கு மாறிய முதல் வருஷம், அக்கா சொரூபத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். நான் வாசலிலேயே பிரசங்கத்தைத் தொடங்கினேன். கடவுள் நாலு சுவருக்குள் அடங்குவாரா, யேசுநாதர் எந்தப் பங்கில் கார்ட் வைத்திருந்தார், உள்ளத்தில் இருப்பவனுக்கு ஊர்வலம் எதற்கு, இப்படிப் பத்து நிமிஷம். அக்கா ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"சரிங்க தம்பி. மாதாவ டீவி மேசையில வைக்கவா, இல்ல..."

"டீவி மேசை ஆடும் அக்கா. ஸ்பீக்கர் பெட்டி மேல வைங்க."

என் வீட்டுக்காரி குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். "பத்து நிமிசம் வாய் கிழியப் பேசி, கடைசியில எடம் காட்டிக் குடுத்தீங்களே" என்று அந்த மாதம் முழுக்கச் சொல்லிக் காட்டினாள்.

அடுத்த வருஷம் நான் உஷாரானேன். வீட்டுக்காரி தங்கச்சியின் பிரசவத்துக்கென்று ஹட்டனுக்குப் போயிருந்தாள். நான் முன்கதவுக்கு வெளியே பூட்டைத் தொங்கவிட்டு, குசினிக் கதவால் உள்ளே வந்து, லைட்டை அணைத்து, போனையும் அணைத்து, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். நாற்பத்தாறு வயது ஆள். தலைக்கு மேல் என் கல்யாணப் படம் மாட்டியிருந்தது.

சாயந்தரம் ஆறு மணி. மற்றவர்கள் சொரூபத்தோடு படியேறி வருகிற சத்தம் தூரத்தில் கேட்டது. அக்கா மட்டும் முந்தி வந்துவிட்டார். பூட்டு ஆடியது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு, மழையில் நிற்பவர்கள் தமக்குத்தாமே முணுமுணுப்பது போல, மெதுவாக முதல் பாதியைச் சொன்னார். 'திருவயிற்றின் கனியாகிய யேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே' என்று வந்தது. நின்றது.



நான் பல்லைக் கடித்தேன். பெட்டியின் மூலையைப் பிடித்துக்கொண்டேன். ஒன்று. இரண்டு. மூன்று.

"அர்ச்சிஷ்ட மரியாயே!" என்றது என் வாய். நன்றாக, உரத்து, தொழில்காரனின் குரலில்.

பக்கத்து வீட்டு செல்லாயி வாசலில் நின்று கொழுந்துச் சாக்கை உதறிக்கொண்டிருந்தாளாம். "ஐயையோ, பூட்டுன வீடு மந்திரம் சொல்லுதே!" என்று லயமே கேட்கக் கத்தினாள். நான் குசினிக் கதவால் வெளியே வந்து, சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"ரெக்கோடிங் அக்கா" என்றேன். "டேப்புல ஓடுது."

"அப்பிடீங்களா தம்பி. அப்போ அந்த டேப்பக் கொஞ்சம் கதவத் தொறக்கச் சொல்லி..."

திறந்தேன். வேறென்ன செய்ய?

மறுநாள் பீலியடியில் என் மானத்தைக் காப்பாற்ற ஒரு வாதம் கண்டுபிடித்தேன். செல்லாயி இந்து. ஆனாலும் முந்திய நாள் மாதாவுக்குச் சாம்பிராணி போட்டு, விழுந்து கும்பிட்டவள். "பாத்தீங்களா, இவ எந்தப் பங்குல சேர்ந்தவ? சேராமலே கும்புடலாமில்ல?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன்.

செல்லாயி குடத்தைக் கீழே வைத்தாள். "அண்ணே, என்னைய உங்க கூட சேக்காதீங்க. எனக்கு மாரியம்மன் கோயில் இருக்கு. தீமிதிக்குக் காப்புக் கட்டுறவ நான். என் வீட்டுல நின்னுக்கிட்டுத்தான் அடுத்த வீட்டு ஆத்தாளுக்கு ஒரு கும்புடு போடுறேன். நீங்க எங்க நின்னுக்கிட்டுக் கும்புடுறீங்க? ரோட்டுலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இன்னும் கூடுதலாக. சிரிப்பது எனக்குப் பழக்கம். அக்கா அங்கேதான் நின்றிருந்தார், சிரிக்கவில்லை. குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் என்னை ஒருநாள்கூட கோயிலுக்கு வாங்க என்று கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் உட்கார்ந்து வயர் முறுக்கிக்கொண்டிருப்பேன். வெள்ளைச் சேலையோடு கடந்து போகும்போது, "தம்பி, மணி எட்டாச்சு..." என்பார். நான் வயரையே பார்ப்பேன். அவர் கொஞ்சம் நிற்பார். பிறகு போவார். அந்தக் 'கொஞ்சம்' இருக்கிறதே, அது அடுத்த ஞாயிறு வரை என் காதுக்குள் கிடக்கும்.

ரோட்டில் நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியவந்தது அந்த மழையில்.

மூன்று நாள் விடாத மழை. மேல் மலையில் மண் சரிந்து நுவரெலியா ரோட்டை மூடிவிட்டதென்று காலையில் செய்தி வந்தது. லயங்களை விட்டுத் தோட்டத்துப் பாடசாலை மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள். போனோம். என் மகள் நுவரெலியாவில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். அன்றைக்கு லீவு. எட்டு மணி பஸ்ஸில் ஏறிவிட்டேன் என்று போன் பண்ணியிருந்தாள். அதற்குப் பிறகு போன் இல்லை. ஒன்பது, பத்து, பதினொன்று. நம்பரை அடித்தால் ஒரு பெண் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில், தொடர்பு இல்லை என்று மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொன்னாள். நான் அவளோடு சண்டை போட்டேன். "ஒரே ஒரு தடவை எடுக்கச் சொல்லும்மா" என்று கெஞ்சினேன். அது மெஷின் என்று எனக்குத் தெரியாதா? அதைப் போல எத்தனை மெஷினுக்கு நான் வயர் கட்டியிருக்கிறேன்.

மண்டபத்தில் ஒரு மூலையில் மாரியம்மன் கோயில் பெண்கள் அம்மன் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மூலையில் ஜெபக்கூட்டக்காரர்கள் கையை உயர்த்தி அழுதுகொண்டிருந்தார்கள். கரும்பலகைப் பக்கம் எங்கள் கோயில் ஆட்கள், என் வீட்டுக்காரியும் அவர்களுக்குள்ளே. நான் நடந்தேன். இந்த மூலைக்குப் போனேன், நின்றேன், அந்த மூலைக்குப் போனேன். இவர்கள் எல்லாருக்கும் மைக் கொடுத்தவன் நான். எனக்கு உட்கார ஒரு மூலை இல்லை. யாரும் போகச் சொல்லவில்லை. நகர்ந்து இடம்கூட விட்டார்கள். என் கால்தான் நிற்கவில்லை. நடந்துகொண்டே வேண்டுதல் வைத்தேன். முருகனுக்கு மொட்டை, மடு மாதா கோயிலுக்கு நடைப் பயணம், பன்சலைக்கு மல்லிகைப்பூ. ஒரே தேதிக்கு நாலு கோயிலுக்குச் செட் ஒத்துக்கொள்கிற என் பழைய திருட்டுப் புத்திதான்.

பிறகு ஞாபகம் வந்தது: நான்தான் புரோக்கர் இல்லாமல் நேரில் பேசுகிறவன் ஆயிற்றே. மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர் டாங்கியடியில் போய் நின்றேன். தகரத்தில் மழை. கண்ணை மூடினேன். வாயைத் திறந்தேன்.

"ஹலோ" என்றேன்.

சத்தியமாக. "ஹலோ... ஹலோ..." அடுத்து ஒன், டூ, த்ரீ வந்திருக்கும், நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இருபத்தைந்து வருஷம் ஒவ்வொரு சாமியின் முன்னாலும் நான் முதலில் பேசிய பேச்சு அதுதானே.

சரி, நமக்கு எதற்குச் சொந்தப் பேச்சு, தெரிந்த மந்திரத்தைச் சொல்வோம் என்று தொடங்கினேன். "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று வந்தது. அது இரண்டாம் பாதி. முதல் பாதியைத் தேடினேன். 'அருள் நிறைந்த' என்று ஒரு சொல் கிடைத்தது. பிறகு? ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். காதுக்குத் தெரியும். வாய்க்குத் தெரியவில்லை. அந்தப் பாதியை என் வாய் ஒருநாளும் சொன்னதே கிடையாது. அது எப்போதும் அக்காவின் வாயில் இருந்தது. திரும்பத் திரும்ப முயன்றேன். ஒவ்வொரு தடவையும் நடுவிலிருந்துதான் வந்தது, வால் மட்டும். தொடங்கத் தெரியாமல், பிள்ளையைக் கேட்கத் தெரியாமல், ஐந்து அடி எட்டு அங்குல ஆம்பிளை டாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் கம்பளி வாசனை வந்தது. அக்கா. என்ன ஏது என்று கேட்கவில்லை. பக்கத்தில் நின்று, டாங்கியைப் பார்த்துக்கொண்டே, முதல் பாதியைச் சொன்னார். நிறுத்தினார்.

நான் இரண்டாம் பாதியைச் சொன்னேன்.

எத்தனை சொன்னோம் என்று தெரியாது. நடுவில் நான் உடைந்துபோய், "அக்கா, பிள்ள வந்துருவாளா?" என்று கேட்டேன். வந்துருவா தம்பி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"தெரியலங்க தம்பி" என்றார். சொல்லிவிட்டு அடுத்ததைத் தொடங்கினார்.

அவள் இரண்டு மணிக்கு வந்தாள். பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலை மலைக்குள்ளால் பத்துப் பேரோடு நடந்து, ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முட்டி வரை சேறாக. "என்னப்பா, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?" என்று கேட்டாள். நான் ஒரு பகிடி விட்டேன். என்ன பகிடி என்று மறந்துவிட்டது. அது நல்ல பகிடியாக இருந்திருக்காது.

இங்கேயே கதையை முடித்தால் நன்றாயிருக்கும். ஜெபம் சொன்னான், பிள்ளை வந்தாள் என்று கோயில் மைக்கில் சாட்சி சொல்லலாம். ஆனால் அதே நாள் தோட்டத்தின் கீழ் டிவிசனில் ஒரு வீடு மண்ணோடு போனது. தாயும் மகளும் உள்ளே. வீட்டுக்காரர் கொழுந்து லொறியில் போயிருந்ததால் தப்பினார். அவர்களும் எங்கள் கோயில் ஆட்கள்தான். மூன்றாம் வரிசையில் இருப்பார்கள். ஒரு ஞாயிறு தவறியதில்லை. இரண்டு பாதியும் தெரிந்தவர்கள். நான் கோயிலை விட்டு மூன்று வருஷம். என் மகள் வந்தாள். இதை எப்படி நேராக்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அக்கா அந்த மனிதரிடம் போனார். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டார் என்றால், "தம்பி, கீழ் டிவிசனுக்குப் போற பாதை வழுக்குது..." என்றார். அந்த மனிதர் உறவுக்காரர் வீட்டு வாசலில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். எனக்கு வாய் துடித்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். உன் முறை இல்லை என்று அர்த்தம்.

வெகுநேரம். என் வாழ்க்கையில் நான் இருந்த மிக நீளமான மௌனம் அது.

"எந்திரிச்சுப் போங்கக்கா" என்றார் அவர். "இனிமே என்கிட்ட அதச் சொல்லாதீங்க."

போனோம். மறுநாளும் வந்தோம். அன்றைக்கு அக்கா மந்திரம் சொல்லவில்லை. சும்மா உட்கார்ந்தார். அதற்கு மறுநாளும். நான் புல்லைப் பிடுங்கினேன், செருப்பு வாரைக் கழற்றி மாட்டினேன், இலைகளை எண்ணினேன். ஐந்தாம் நாள் அவர் எங்களைப் பார்க்காமலே கேட்டார்: "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறோமுங்க" என்றார் அக்கா. திரும்பி வரும் வழியில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். யாரோ இரண்டாம் பாதியை எடுத்துவிட்டது போல இருந்தது.

அதற்குப் பிறகு நான் கோயிலுக்குப் போனேனா? உடனே போகவில்லை. மானம் ஒன்று இருக்கிறதே. ஒரு நாள் அக்கா வாசலில் நின்றார். "தம்பி, கோயில் மைக் கரகரங்குது..." என்றார்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புரோக்கர், நாலு சுவர் என்றெல்லாம் பேசினேன் அல்லவா? நான் கோயிலை விட்ட உண்மையான காரணம், அந்த வருஷத் திருநாளுக்குக் கமிட்டிக்காரர்கள் என் செட்டை விட்டுவிட்டு ஹட்டனிலிருந்து பெரிய செட் பிடித்ததுதான். என் பெட்டி இரைகிறதாம். அன்றைக்குச் சாயந்தரம்தான் கடவுள் நாலு சுவருக்குள் அடங்க மாட்டார் என்பது எனக்கு விளங்கியது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"நான் வந்து பாக்குறேன் அக்கா" என்றேன்.

மைக்கைப் பார்க்கப் போனவன், ஞாயிற்றுக்கிழமையும் அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே என்று கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், எந்த நேரமும் ஓடத் தோதாக உட்கார்ந்தேன். இன்னும் அங்கேதான் உட்காருகிறேன். இன்னும் ஓடவில்லை. ஆட்டோவில் பெட்டி ஏற்றிக்கொண்டு தனியாகப் போகும்போது முதல் பாதியைச் சொல்லிப் பழகினேன். பாதிப் பாதையில் மறந்துவிடும். இஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

அக்கா போன மாசியில் இறந்தார். சீனி வருத்தம் கிட்னியைப் பிடித்துவிட்டது. அடக்கத்தன்று காலையில் மேல் லயத்து முதல் வீட்டில் சவப்பெட்டியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பாதர் டவுனிலிருந்து வருவதற்குள் ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பது வழக்கம். விசுவாசப் பிரமாணம் எல்லாரும் சேர்ந்து சொல்வது, அதில் சிக்கலில்லை. பரலோக மந்திரத்தையும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து எப்படியோ ஒப்பேற்றினோம். பிறகு ஜெபமாலையின் முதல் சின்ன மணி, அருள் நிறைந்த மந்திரம், வந்தது.

நின்றுவிட்டது.

எல்லாருக்கும் தெரியும். தொடங்கத்தான் ஆளில்லை. இந்த அம்மா அந்த அம்மாவைப் பார்த்தார், அவர் குனிந்துகொண்டார். "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க" என்று கண்ணாலேயே பேச்சு. கீழ் டிவிசன்காரர் சுவரோடு நின்றார், அவரும் தரையைப் பார்த்தார். எல்லாரும் இரண்டாம் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. ஒன்று. இரண்டு. மூன்று. ஐயோ, வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரிக்கும் தெரிந்தது. செத்த வீட்டில் இந்த மனுஷன் பகிடி விடப்போகிறான் என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

வாய் திறந்தது. "அருள் நிறைந்த மரியாயே வாழ்க" என்று வந்தது.

இழுத்த கை அப்படியே நின்றது. எனக்கே என் குரல் பிடிபடவில்லை. மைக் இல்லாத குரல். 'கர்த்தர் உம்முடனே' வரை போனேன். அதோடு பாதை போய்விட்டது. கண் முன்னால் வெறும் தகரக் கூரை. அப்போது பின்னாலிருந்து, வாசற்படியில் உட்கார்ந்திருந்த செல்லாயி, நெற்றியில் விபூதியோடு, வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்: "பெண்களுக்குள்ளே, அண்ணே. பெண்களுக்குள்ளே."

அக்கா வீட்டு ஜெபமாலையை முப்பது வருஷமாக இதே வாசற்படியில் உட்கார்ந்து கேட்டவள்.

பிடித்துக்கொண்டேன். சொல்லி முடித்தேன். நிறுத்தினேன்.

எல்லாரும் எடுத்தார்கள். அந்தச் சின்ன வீட்டில் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று, எத்தனையோ பெட்டி வைத்து அளந்தவன், அன்றைக்குத்தான் கேட்டேன். அவர்கள் சொல்லச் சொல்ல என் கண் தானாக அக்காவைப் பார்த்தது. இரண்டாம் பாதியில் அவர் எப்போதும் பேச மாட்டார், சும்மாதான் இருப்பார். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தார்.

ஆமென் சொன்னார்கள். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. விரலை அடுத்த மணிக்கு நகர்த்தினேன். இன்னும் ஐம்பத்திரண்டு இருந்தன.